சுடாத சூடு

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் குடும்ப இதழொன்றில் எழுதலாமா என்று வாசகர்களுள் சிலர் தயங்கக்கூடும். தாய்மார்கள் தமக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பொருள் அது. ஆயினும், பேசாமலே விட்டதனால் விளைந்த துன்பம் ஒன்றை அண்மையில் நேரிற் கண்டோம். ஆகவே எழுதுகிறோம். ஆடவரும் படிக்கவேண்டும் என்றே எழுதுகிறோம்.

கடந்த தை மாதத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்காகச் சாலவாக்கம் சென்றிருந்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில், பாலாற்றுக்குத் தென்புறம், ஏரிப் பாசன வயல்களும் கல் உடைக்கும் குன்றுகளும் சூழ்ந்த ஊர் அது. பந்தலின் ஓரமாக அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர், இப்பக்கத்தை எழுதுவது நாமே என்று அறிந்ததும், அருகில் அழைத்துத் தம் கதையைச் சொன்னார். பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதிக்கொள்ளுமாறு இசைவும் தந்தார்.

நாற்பதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் கண்டு, சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோயுற்ற மார்பகத்தை அகற்றிய மருத்துவர்கள், அவருடைய வயிற்றுப் பகுதியிலிருந்தே தோலும் கொழுப்பும் எடுத்து, அவ்விடத்தில் புதியதொரு மார்பகத்தை அமைத்துத் தந்தனர். காயம் ஆறியது. உதிர்ந்த முடி மீண்டும் வளர்ந்தது. களையெடுப்புக்கு முன்போல் போகத் தொடங்கினார். கண்டம் கழிந்தது என்று வீட்டார் நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தனர்.

அதற்கடுத்த மார்கழிப் பனியில் அவருக்குச் சளி கட்டிக்கொண்டது. மருமகளிடம் உயிரையே வைத்திருக்கும் மாமியார், அடுப்பில் தவிட்டை வறுத்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, நெஞ்சில் ஒத்தடம் கொடுத்தார்.

"சுடுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை."

சூடு போதவில்லை போலும் என்றெண்ணி, மூட்டையை மறுபடியும் சட்டியிலிட்டுச் சூடேற்றினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே விடை. மூன்றாம் முறைக்குப் பின், மூட்டையை மார்பின்மேல் வைத்துப் போர்வையால் இழுத்து மூடி, உறங்கச் செய்தார். விடிந்ததும் குளிக்கப் போனவர், ரவிக்கை தோலோடு ஒட்டியிருப்பதைக் கண்டார். கொப்புளம் உடைந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. வலி மட்டும் அப்போதும் இல்லை.

வலி இல்லாததால் அதனை ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவினார்கள். ஐந்தாம் நாள் வாடை வீசிற்று, காய்ச்சலும் கண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பார்த்தவுடனே சென்னைக்கு அனுப்பி வைத்தார். ஆறு வாரங்களுக்குமேல் கட்டுப் போட்டு ஆற்றவேண்டியதாயிற்று. "என் கையாலதானே வெந்துச்சு" என்று அந்த அம்மையார் இன்றும் கண்கலங்குகிறாராம்.

இதில் நம் நெஞ்சை உறுத்திய செய்தி வேறொன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில், அவ்விடத்தில் சூடு வைக்கலாகாது என்று ஒரு வரி இருந்ததாம். ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளியிற் படிக்கும் மகன் அதனை வாசித்துப் பொருள் சொன்னது, புண் ஆறிய பிறகுதான்.

அந்த ஒரு வரியின் பொருளைத்தான் இம்மாதம் விரித்துச் சொல்லப் போகிறோம்.

மார்பகத்துத் தோலுக்கு உணர்வூட்டுபவை, விலா எலும்புகளின் இடையே புறப்பட்டு வரும் நரம்புகளின் மெல்லிய கிளைகள். மார்பகத்தை அகற்றும்போது இக்கிளைகள் அறுபடுகின்றன. இதில் மருத்துவரின் பிழை ஏதுமில்லை. நோயை அடியோடு களையவேண்டுமானால் பெரும்பாலும் வேறு வழியில்லை. பின்னர் அமைக்கும் புதிய மார்பகம் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுத்த தசையாலும் தோலாலும் ஆனதாக இருக்கலாம். அத்தோலும் தன் நரம்பினின்று பிரிக்கப்பட்டதே. சிலிக்கோன் பை வைத்து அமைத்ததாக இருக்கலாம்; அதன்மேல் போர்த்திய தோலோ மெலிந்தது, அதன் நரம்புகளும் அறுந்தவை. தோல் எடுத்த இடமாகிய வயிறும் முதுகும்கூடத் தழும்பைச் சுற்றி மரத்திருக்கும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால், மேற்கையின் உட்புறமும் மரத்துப்போவது வழக்கம்.

உணர்வு திரும்பாதா என்று கேட்பீர்கள். ஓராண்டு, ஈராண்டு என்று காலம் செல்லச் செல்லச் சிலருக்கு ஓரளவு திரும்புவதுண்டு. முழுமையாகத் திரும்புவது அரிது. நரம்போடு நரம்பை இணைத்துத் தைக்கும் முறையைப் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இப்போது கையாளுகிறார்கள். அது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மேலும், விரலால் தொட்டால் தெரிகிறது என்பதற்காகச் சூடும் தெரியும் என்று நம்பிவிடலாகாது. தொடுதலை உணர்வது வேறு, சூட்டை உணர்வது வேறு. ஒன்று திரும்பிய இடத்தில் மற்றொன்று திரும்பாமலே இருக்கக்கூடும்.

உணர்வற்ற தோலின் இடர் நம் மறைமாவட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் பல்லாண்டுகளாக நடந்துவரும் தொழுநோய் மருத்துவமனையை அறியாதார் யார்? 1955 இல் மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கிய நிலையம் அது. அதற்கு முன், டாக்டர் காக்கரேன் அதன் பொறுப்பில் இருந்த காலத்தில், 1940-களின் பிற்பகுதியில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து இளம் அறுவை மருத்துவர் ஒருவர் அங்கு வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றிக் குலுக்கியபோது, அந்தப் பிடி வலியெடுக்கும்படி இறுகியதை உணர்ந்தார். பிடிக்கும் வலிமை இத்துணை இருக்க, இக்கை எவ்வாறு அழிகிறது என்னும் வினா அவரை விடவில்லை.

பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் அவர் கண்ட விடை இது: தொழுநோய் விரல்களைத் தின்பதில்லை, வலியைத் தின்றுவிடுகிறது. வலியில்லாத கை, கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குகிறது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கையில் சதை கிழிவதை அறியாமல் சாவியைத் திருகுகிறது. புண்ணானபின்பும் அதே விரலால் வேலை செய்கிறது. வேலூரில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் சிலருடைய விரல்கள் இரவோடிரவாகக் குறைந்துபோன மருமத்தை ஆராய்ந்தபோது, உறக்கத்தில் எலிகள் கடித்துச் சென்றது தெரியவந்தது. அதன்பின், வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் பூனை ஒன்றைக் கொடுத்தனுப்பினாராம். சிரிப்பதற்கன்று, அந்தப் பூனையும் மருத்துவந்தான்.

மொலக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே 1873 முதல் பணியாற்றிய புனித தமியான் அடிகள், தமக்கும் அந்நோய் தொற்றியதை உறுதியாக உணர்ந்தது எவ்வாறு? 1884 ஆம் ஆண்டு டிசம்பரில், நெடும் பயணத்துக்குப் பின் வெந்நீரில் காலை வைத்தார். கால் வெந்து கொப்புளித்தது. அவர்க்குச் சூடு தெரியவில்லை. சாலவாக்கத்துத் தவிட்டு மூட்டையைக் கேட்டபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அடிகளாருடைய அந்தக் காலே.

ஐயத்துக்கு இடமின்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். புற்றுநோய் வேறு, தொழுநோய் வேறு. புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று. உணர்விழந்த தோல் தன்னைத் தான் காத்துக்கொள்ளாது என்னும் ஒன்றில் மட்டுமே இரண்டும் ஒக்கும்.

உணர்வின்மையோடு இன்னொரு குறையும் சேர்கிறது. நலமுள்ள தோலில் சூடு பட்டால், அதன் இரத்த நாளங்கள் விரிகின்றன. பாய்ந்துவரும் இரத்தம் அச்சூட்டை வாரிக்கொண்டுபோய் உடலெங்கும் பகிர்ந்துவிடுகிறது. வாய்க்காலில் நீர் ஓடும்வரை வரப்பு சுடுவதில்லை அன்றோ? புதிதாக அமைத்த மார்பகத்திலோ, நாளங்களை விரியச் செய்யும் நரம்பும் அறுந்துள்ளது, நாளங்களும் குறைவு. ஆகவே பட்ட சூடு பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. பிறருக்கு இதமாக இருக்கும் அளவே இவர்களைச் சுட்டுவிடுவதன் காரணம் இதுவாகும்.

எவ்வளவு சூடு தோலை வேகவைக்கும் என்பதனை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1947 இல் அளந்து வெளியிட்டனர். 60 பாகை செல்சியசு சூடுள்ள நீர் ஏறத்தாழ 5 விநாடியில் தோலைச் சுட்டுவிடும். 49 பாகையானால் 10 நிமிடத்துக்குள். 44 பாகையானால் 6 மணி நேரம். நம் உடலின் சூடோ 37 பாகை. எண்ணிப் பாருங்கள்: 44 பாகை என்பது கையால் தொட்டால் சுகமாகத் தோன்றும் வெதுவெதுப்பே. நாமானால் அரை மணியில் புரண்டு படுப்போம், மூட்டையைத் தள்ளிவிடுவோம். உணர்வற்ற மார்பு தள்ளாது. இரவு முழுதும் கிடக்கும். இவை நலமுள்ள தோலுக்குரிய கணக்குகள் என்பதையும் மறத்தலாகாது.

இத்தகைய தீப்புண்கள் பல நாட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குளிர் நாடுகளில் மின்சாரச் சூட்டுப் பட்டையும் வெந்நீர்ப் பையும் காரணமாயின. கடற்கரையில் கருநிற உடையணிந்து வெயிலில் படுத்திருந்ததனால் வெந்தவர்களும் உண்டு. நம் இல்லங்களுக்கு அவை பெரும்பாலும் பொருந்தா. நம் இல்லத்தின் சூடு அன்பின் வடிவில் வருகிறது என்பதே நம் கருத்து. அதனால்தான் அதனை மறுக்கவும் மனம் வருவதில்லை.

தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், செங்கல்லைச் சுட்டுத் துணியிற் சுற்றி வைத்தல், ரப்பர் வெந்நீர்ப் பை: இவை யாவும் மார்புக்கும், தோல் எடுத்த வயிற்றுக்கும் முதுகுக்கும் ஆகா. சற்று ஆறியபின் வைக்கலாமா என்று கேட்க வேண்டா. வைக்கவே வேண்டா. இடுப்பு வலிக்கோ முழங்கால் வலிக்கோ ஒத்தடம் கொடுப்பதானால், அவ்விடத்தோடு நிறுத்திக்கொள்க. சூடு எப்படி இருக்கிறது என்று நோயாளியைக் கேட்பதைவிட, கொடுப்பவர் தம் முழங்கை உட்புறத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதே முறை. "சுடுதா?" என்னும் கேள்விக்கு அவரால் மெய்யான விடை தர இயலாது.

ஆவி பிடித்தல் நாம் நினைப்பதினும் இடர் மிக்கது. நொச்சியும் வேப்பிலையும் இட்டுக் கொதிக்கவைத்த பானையை மடியருகே வைத்து, போர்வையை மூடிக் குனிகிறோம். முகம் சுட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆவி நேராக மார்பில் படுவதை யார் அறிவார்? பானை சாய்ந்தால் கேடு சொல்லவே வேண்டா. மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தே தீரவேண்டுமானால், பானையை மேசைமேல் அசையாதபடி வைத்து, மார்பைத் தடித்த துண்டினால் மூடிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் இருக்கப் பிடிக்கலாம். சளித் தைலங்களை மார்பில் அழுந்தத் தேய்ப்பதும், வலிப் பட்டைகளை ஒட்டுவதும் தவிர்க்கத்தக்கன.

அடுப்பங்கரையில் பெண்கள் படும் சிறு சூடுகளுக்குக் கணக்கில்லை. எண்ணெய் தெறித்தால் கையை உதறுவோம். தெறித்த துளி மார்பில் விழுந்தால் இவர்களுக்குத் தெரியாது. சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது, பானையின் வயிறு நம் மார்பை ஒட்டி வரும். நெல் அவிக்கும் அண்டாவை எட்டிக் கிளறும்போதும் அவ்வாறே. சமைக்கும் வேளையில் தடித்த பருத்தித் துணியாலான மேலாடை ஒன்றைக் கழுத்திலிருந்து தொங்குமாறு கட்டிக்கொள்வது நன்று. நைலக்சும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். அடுப்பின் முன் அவை வேண்டா. சுடச்சுடத் தேநீர் குடிக்கும்போது குவளையை மார்பின்மேல் சாய்த்துப் பிடிக்கும் பழக்கமும், படுத்துக்கொண்டு குடிக்கும் பழக்கமும் விடவேண்டியவை.

குளிக்கும் வெந்நீரைத் தம் நல்ல கையின் முழங்கையால் சோதித்தபின் ஊற்றிக்கொள்ளவேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் பாட்டிமார் செய்வதைத் தமக்கே செய்துகொள்வது அவ்வளவே.

வெயிலைப் பற்றிச் சில சொற்கள். கத்திரி வெயிலில் களையெடுக்கவும், கல் உடைக்கும் இடங்களுக்கும் போகும் பெண்கள் நம் பகுதியில் மிகுதி. கருநிற ரவிக்கை வெயிலை வாங்கி உள்ளே தேக்கும். வெளிர்நிறப் பருத்தி உடுத்தி, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்க. அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் விடியலிலும் மாலையிலும் நடக்கலாம். கதிர்ச் சிகிச்சை பெற்ற தோலுக்கு இவ்வெச்சரிக்கை வாழ்நாள் முழுதும் வேண்டும். அச்சிகிச்சை நடக்கும் வாரங்களிலோ, மருத்துவர் சொன்னதன்றி வேறெதனையும், மஞ்சள், எண்ணெய், மணப்பொடி எதனையும், அவ்விடத்தில் பூசலாகாது.

சூட்டைத் தவிர்க்கச் சொன்னோம் என்பதற்காகப் பனிக்கட்டியை எடுத்து வைத்துவிடாதீர்கள். குளிரும் தோலைக் கொல்லும். அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

இனி, சூடல்லாத சிறு பகைகள். முந்தானையைக் குத்தும் ஊக்கு நழுவித் தோலில் ஏறியதை மாலைவரை அறியாதிருந்த பெண்கள் உண்டு. ரவிக்கைக் கொக்கி, கம்பி வைத்த உள்ளாடை, உறக்கத்தில் மார்பின் அடியில் சிக்கும் தாலிச் சரடு, கழுத்தில் அணியும் உத்தரியத்தின் மடிப்பு, சிலுவையின் முனை ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்குப் புண் உண்டாகும். இரவில் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பதில் குற்றமொன்றுமில்லை. தாலியைக் கழற்றுவதா என்று முணுமுணுக்கும் பெரியோர் இருந்தால், மெல்லிய நூற்கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். கட்டுக்கு ஒட்டிய பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் மெலிந்த தோல் அதனோடு உரிந்து வரும்; ஈரத்துணியால் நனைத்து, தோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லப் பிரிக்கவேண்டும். மார்பின் கீழ்மடிப்பில் வியர்வை தேங்கினால் படர்தாமரை பற்றும். அரிப்பு தெரியாததால் அது பரவிய பின்னரே கண்ணிற் படும். குளித்தபின் அம்மடிப்பை ஒற்றித் துடைத்து உலர்த்துக.

அறுவை முடிந்த முதல் வாரங்களில் தோலுக்கு இரத்தம் போதாமல், ஓரங்கள் கருத்துப்போவது உண்டு. அப்போது புகையிலை பெருந்தீங்கு. "நான் பீடி குடிப்பதில்லையே" என்று வெற்றிலையோடு புகையிலை மெல்லும் தாய்மார்கள் எண்ணலாம். மென்றாலும் அதன் நஞ்சு இரத்த நாளங்களைச் சுருக்கும். பக்கத்தில் அமர்ந்து பீடி புகைக்கும் கணவருக்கும் இதனைச் சொல்லுகிறோம். நீரிழிவு உள்ளவர்கள் அதனைக் கட்டுக்குள் வைத்திராவிடில் எப்புண்ணும் எளிதில் ஆறாது.

அக்குளில் கணுக்கள் அகற்றப்பட்ட கை தனியே எழுதத்தக்க பொருள். பின்னொரு திங்களில் எழுதுவோம். முள் தைத்தல், அரிவாள் கீறல், பூச்சிக்கடி ஆகியவை அக்கையில் எளிதில் சீழ்பிடித்து வீக்கம் தரும் என்பதை மட்டும் இப்போது நினைவிற் கொள்க.

புதிய மார்பகம் அமைத்துக்கொள்ளாதவர்களே நம்மிடையே மிகுதி. அவர்கள் இதுவரை படித்தது தமக்கன்று என்று எண்ணவேண்டா. அகற்றிய இடத்துத் தட்டையான மார்பும் அவ்வாறே மரத்துள்ளது. உள்ளாடையினுள் வைக்கும் செயற்கை மார்பு வெயிற்காலத்தில் வியர்வையைத் தேக்கி வேர்க்குருவை உண்டாக்கும்; நாள்தோறும் கழுவி உலர்த்தவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உயிர் பிழைத்தது போதாதா, இழந்ததைத் திரும்ப அமைத்துக்கொள்வது வீண் ஆடம்பரம் அன்றோ என்று கேட்போர் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்கும் கட்டணமின்றி இத்தகைய சிகிச்சை தரப்படும் என்று 2018 இல் செய்தி வந்தபோது அவ்வாறு பேசியவர்களை நாமே கேட்டோம். ஒரு பெண் தோள்கள் ஒத்து நிமிர்ந்து நடக்கவும், சேலை நழுவாமல் உடுத்தவும், கண்ணாடி முன் நிற்கவும் விரும்புவதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? 1895 இல் செருமனி நாட்டு மருத்துவர் செர்னி, ஒரு பெண்ணின் உடலிலிருந்தே கொழுப்புக்கட்டி ஒன்றை எடுத்து அவர் மார்பில் வைத்து அமைத்த நாள்தொட்டு மருத்துவர்கள் இதற்காக உழைத்துவருவது வீணுக்கன்று. வேண்டும் என்போர் அமைத்துக்கொள்க. வேண்டா என்போர் விடுக. தீர்மானம் அப்பெண்ணுடையது. அமைத்துக்கொண்டால் அதனைக் காக்கும் வழியையும் அவர் அறிந்திருக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

காக்கும் வழி கண்ணே. நரம்பு செய்துவந்த காவலை இனிக் கண்ணும் கையும் செய்யவேண்டும். காலையில் குளிக்குமுன் ஒரு முறை, இரவில் உடை மாற்றும்போது ஒரு முறை, கண்ணாடியில் மார்பின் மேற்புறம், அடிமடிப்பு, அக்குள், தழும்பின் ஓரங்கள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். நம் சிற்றூர்க் குளியலறைகளில் கண்ணாடி இருப்பதில்லை. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை ஆணியில் தொங்கவிட்டால் போதும். முதுகில் தசை எடுத்திருந்தால், அங்கே பார்க்கக் கணவரின் கண் வேண்டும். மணமாகிப் பல்லாண்டு கழிந்தும் மனைவியின் தழும்பைக் காண அஞ்சும் ஆடவரை அறிவோம். அஞ்சவேண்டா, பாருங்கள்.

சிவப்பு, கருமை, கொப்புளம், கசிவு, வீக்கம், புதிய கட்டி ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். சிலிக்கோன் பையின்மேல் உள்ள தோல் வெந்து திறந்துகொண்டால், கிருமி உள்ளே நுழைந்து, பையையே எடுத்துவிட நேரும். இரண்டு வாரங்கள் கடந்தும் ஆறாத புண் எதுவாயினும், நோய் திரும்பியதோ என்று சோதித்தறிவதும் இன்றியமையாதது.

சூடு பட்டது தெரிந்தவுடன் ரவிக்கையையும் சங்கிலியையும் அகற்றி, ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் அவ்விடத்தில் விடுக. தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காமல் விட்டுவிடுக. குழாய் இல்லையேல் குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பனிக்கட்டி கூடாது. மாவு, பேனா மை, பற்பசை, முட்டை, மஞ்சள் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைத்தல் கூடாது. தூய பருத்தித் துணியால் தளர மூடிக்கொண்டு புறப்படுங்கள். வலியில்லையே, நாளை பார்க்கலாம் என்று தள்ளிவைப்பதுதான் சாலவாக்கத்துப் பெண்மணிக்கு ஐந்து நாட்களைப் பறித்தது.

மருத்துவரிடம் சொல்லவேண்டியதும் உண்டு. காய்ச்சலுக்கு ஊசி போடும் சிற்றூர் மருத்துவருக்கு அது மறுபடி அமைத்த மார்பகம் என்பது பார்த்தவுடன் தெரியாமற் போகலாம். எந்த ஆண்டு, எங்கே அறுவை நடந்தது, எவ்விடத்துத் தோல், உள்ளே பை உண்டா இல்லையா, கதிர்ச் சிகிச்சை பெற்றதுண்டா என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, 1954 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கோ, வேறெங்கு நீங்கள் சிகிச்சை பெற்றீர்களோ அங்கேயோ, அடுத்த முறை செல்லும்போது அத்தாளைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். "எங்கெங்கே எனக்கு உணர்வில்லை என்று தொட்டுக் காட்டுங்கள்" என்று மருத்துவரையே கேளுங்கள். அவர் காட்டும் எல்லையை வீட்டில் சமைப்பவரும், ஒத்தடம் கொடுப்பவரும் தெரிந்திருக்கவேண்டும்; ஆகையால் துணைக்கு அவர்களையே அழைத்துச் செல்லுங்கள்.

சாலவாக்கத்துப் பெண்மணி அடுத்த முறை சென்னை போகும்போது மாமியாரை உடனழைத்துச் சென்றாராம். மருத்துவர் விளக்கியதைக் கேட்டுவந்த அந்த அம்மையார், அண்டை வீட்டில் அதே அறுவை செய்துகொண்ட இன்னொரு பெண்ணின் தாயாரிடம் முதல் வேலையாகப் போய்ச் சொன்னது, தவிட்டுச் சட்டியை எடுத்து உள்ளே வை என்பதுதானாம்.